எஸ்தோனியாவிலிருந்து வந்த கை

ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாம்பழம் அனுப்பலாம், மாப்பிள்ளை அனுப்பலாம், ஏவுகணையைக்கூட அனுப்பிவிடலாம். ஒரு கைவேலையை அனுப்பிப் பாருங்கள், அப்போது தெரியும் சேதி. நான் அனுப்பவில்லை, வாங்கினேன். அதற்கே போதும் போதும் என்றாகிவிட்டது.

என் பெயர் தில்லைநாயகி. ஒரகடத்தில் இதய வால்வு தைக்கும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் எஞ்சினியர். ஆமாம், தைக்கும் என்றுதான் சொன்னேன். காய்கறி நறுக்க ரோபோ வந்துவிட்டது, கார் தானாக ஓடுகிறது. ஆனால் மாட்டு இதயத்தைச் சுற்றியிருக்கும் சவ்வை வெட்டி, ஒரு வளையத்தில் பொருத்தி, மைக்ராஸ்கோப்பின் கீழே முடியைவிட மெல்லிய நூலால் தைக்க இன்றைக்கும் மனிதக் கைதான் வேண்டும். சவ்வு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வழுக்கும். ரோபோவுக்கு அது பிடிபடவில்லை. எங்கள் தையல் அரங்கில் நாற்பது பெண்கள். பெரியவர்களுக்கான வால்வைத் தூக்கத்தில் எழுப்பினாலும் தைப்பார்கள். குழந்தைகளுக்கான சின்ன அளவுதான் எங்களுக்கு வராது.

அந்த அளவை உலகத்திலேயே ஒரே ஒரு கைதான் ஒழுங்காகத் தைத்துக்கொண்டிருந்தது. எஸ்தோனியாவில் லெய்டா என்ற அம்மாளின் கை. அவர் ஓய்வு பெற்றதும், அவருடைய கம்பெனி சின்ன அளவையே நிறுத்திவிட்டது. அங்கே குழந்தைகளே அதிகம் பிறப்பதில்லையாம், விற்பனை இல்லையாம். ‘வேண்டுமானால் லெய்டாவின் கைப்பழக்கத்தை உங்களுக்கு மாற்றித் தருகிறோம்’ என்று எங்களுக்கு எழுதினார்கள்.

எங்கள் முதலாளி மாசிலாமணி சாருக்கு அது புரியவில்லை. “கைப்பழக்கத்தை எப்படிம்மா மாத்துவாங்க? பார்சல் கட்டியா?”

விளக்கியது எங்கள் மென்பொருள் ஆள் ரெமிஜியஸ். தூத்துக்குடிக்காரன். “ரெண்டு கையுறை சார். ஒண்ணை அந்தம்மா அங்க போட்டுக்கிட்டு தைப்பாங்க. இன்னொண்ணை இங்க ஒருத்தர் போட்டுக்குவாங்க. அவங்க விரல் எங்க எவ்வளவு அழுத்துதோ, அதே மாதிரி நம்ம விரலை உறை தள்ளிக் காட்டும். நம்ம விரல் தப்பாப் போனா அவங்களுக்கும் அது தெரியும், இழுத்துத் திருத்துவாங்க. சைக்கிள் கத்துக்கிறப்ப பின்னாடி பிடிச்சிக்கிட்டே ஓடி வருவாங்கல்ல சார், அதேதான். சில வாரத்துல கை தானாப் பழகிடும்.”

“பிடிச்சிருக்கிறவர் எஸ்தோனியாவுல ஓடி வருவார், நாம ஒரகடத்துல ஓட்டுவோம். அவ்வளவுதானே?” என்றார் சார். பிறகு ஜன்னல் வழியே தையல் அரங்கைப் பார்த்தார். “வாங்கிடலாம். ஜமீலாவுக்காகவாவது வாங்கிடலாம்.”

ஜமீலா எங்கள் தையல் அரங்கின் தலைவி, என் சிநேகிதி. அவளுடைய மகன் ரய்யானுக்கு அப்போது ஒன்றரை வயது. பிறக்கும்போதே வால்வில் கோளாறு. பால் குடித்தால் மூச்சிரைக்கும், அழுதால் உதடு நீலம் பாரிக்கும். சின்ன வால்வு கிடைத்தால் ஆபரேஷன், தீபாவளிக்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாளெல்லாம் வால்வு தைக்கிறவள் தன் பிள்ளைக்கு ஒன்று தைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

சரி, வாங்கலாம் என்று முடிவு செய்தாயிற்று. வாங்க விட்டால்தானே!

முதலில் இரண்டு கம்பெனி வக்கீல்களும் முட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒரே பயம், நாம் ஏதாவது புதிதாகக் கண்டுபிடித்து அது கையுறை வழியாகத் திரும்ப எஸ்தோனியாவுக்குப் போய்விட்டால் யாருக்குச் சொந்தம்? ‘பின்னோக்கிய பரிமாற்றம்’ என்று அதற்கு ஒரு பெயர் வைத்து, அதற்கு மட்டும் தனி ஒப்பந்தம் போட்டார்கள். எந்தத் திறமையும் இங்கிருந்து அங்கே போகக்கூடாது, போனால் தெரிவிக்க வேண்டும், தெரிவித்தால் அபராதம். அடுத்தது ரகசியக் காப்பு. இரண்டு பக்கமும் கேமரா கூடாது, குரல் மட்டும்தான். லெய்டா எங்களைப் பார்க்கக்கூடாது, நாங்கள் லெய்டாவைப் பார்க்கக்கூடாது. கை பிடிக்கலாம், முகம் பார்க்கக்கூடாது.

அப்புறம் அரசு அலுவலகம். இந்தக் கைப்பழக்கத்தை வைத்து வெடிகுண்டு செய்ய முடியுமா என்று ஒரு கேள்வி. மாட்டுச் சவ்வை வைத்தா என்று நான் திருப்பிக் கேட்டதற்கு, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார்கள். அதுவும் முடிந்து, கையுறை வந்து சுங்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

“இது துணியா, கருவியா?” என்றார் அங்கிருந்த அதிகாரி.

“கருவி சார்.”

“உள்ள ஏதாவது இருக்கா?”

“ஒரு அம்மாவோட கைப்பழக்கம் வரும் சார். இனிமேதான்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அந்தம்மா ஏற்கெனவே பயன்படுத்தினதுதானே அந்தப் பழக்கம்? அப்ப இது பழைய பொருள். பழைய பொருளுக்கு வேற ஃபாரம்.”

சிரிப்பதா அழுவதா? வேறு ஃபாரம் கொடுத்துவிட்டு வந்தேன். ஆடி போய் ஆவணி பிறந்துவிட்டது. ரய்யானுக்கு இரண்டு முறை ஆக்சிஜன் வைக்க வேண்டியிருந்தது.

ஒரு வழியாகப் பெட்டி வந்து சேர்ந்த அன்று மாசிலாமணி சார் அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தார். பெட்டியைத் திறந்தோம். உள்ளே ஒரே ஒரு உறை. இடது கைக்கானது.

“லெய்டா அம்மா இடக்கைக்காரங்க போல” என்றான் ரெமிஜியஸ்.

சார் முகம் சுருங்கியது. “முதல் வால்வு, குழந்தைக்குப் போற வால்வு. அதைப் பீச்சாங்கையாலயா தைக்கிறது? வலது கைக்கு மாத்த முடியாதா?”

“அது ஒண்ணும் பெரிய வேலையில்ல சார். கண்ணாடில பாக்கிற மாதிரி திருப்பிப் போட்டா முடிஞ்சுது. வலது கை உறை நம்மகிட்டயே தைச்சுக்கலாம்.”

“அப்ப அதைச் செய்.”

செய்தான். நான் தலையாட்டினேன். ஜமீலாவும் வலது கையைத்தான் நீட்டினாள். எங்களில் ஒருவருக்குக்கூட அது ஒரு முடிவு எடுத்தது மாதிரியே தோன்றவில்லை. காலையில் பல் துலக்குவதை யாராவது கூட்டம் போட்டா முடிவு செய்கிறார்கள்?

மறுநாள் பாடம் தொடங்கியது. லெய்டா எஸ்தோனிய மொழியில் பேசுவார், எங்கள் காதில் இருந்த கருவி அதைத் தமிழாக்கும். அந்தக் கருவிக்கு எந்தத் தமிழாசிரியர் கற்றுக்கொடுத்தாரோ, மேடைத் தமிழ்தான் வரும்.

“வணக்கம் அம்மணி. தங்கள் கட்டைவிரல் மிகவும் சோம்பேறியாக இருக்கிறது. அதனை எழுப்புங்கள்.”

ஜமீலா பொங்கிச் சிரித்துவிட்டாள். மாதக்கணக்கில் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

கற்றுக்கொள்ளவும் செய்தாள். இரண்டே வாரத்தில் அவள் வலது கை, சின்ன வளையத்தில் தையல் தையலாகப் போட ஆரம்பித்தது. நாற்பது பெண்களும் வேலையை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். தைத்த வால்வுகளைத் துடிப்பு இயந்திரத்தில் மாட்டினோம். வால்வை இதயம் மாதிரியே திறந்து மூடி, பல வருஷத் துடிப்பைச் சில நாளில் துடிக்கவைத்துப் பார்க்கிற இயந்திரம் அது.

இரண்டாம் நாள் முதல் முடிச்சு அவிழ்ந்தது. சாயங்காலத்துக்குள் எல்லா வால்வும் பல்லை இளித்துவிட்டன.

அடுத்த வாரமும் அதே கதை. ஏ.சி.யில் ஈரம் அதிகம் என்றோம், குறைத்தோம். தண்ணீர் சரியில்லை என்றோம், மாற்றினோம். எஸ்தோனியக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டோம். காரணத்தைச் சொல்ல ஒப்பந்தத்தில் இடமில்லை என்று பதில் வந்தது. ஜமீலா தன்னையே குறை சொல்ல ஆரம்பித்தாள்.

“எங்கைதான் சரியில்ல தில்லை. பதறுது. ஒவ்வொரு முடிச்சு போடறப்பவும் அவன் மூஞ்சிதான் தெரியுது. வேற யாருக்காவது உறையைக் குடு.”

“பைத்தியம் மாதிரி பேசாதே. உன் கை பதறலை. நான்தான் மைக்ராஸ்கோப்புல பாத்துக்கிட்டே இருக்கேனே.”

சொல்லிவிட்டு மறுபடியும் போய்ப் பார்த்தேன். இந்த முறை முடிச்சை விட்டுவிட்டு நூலைப் பார்த்தேன். நூலின் புரிகள் பிரிந்திருந்தன, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையின் பின்னல் மாதிரி. புதுச் சுருளிலிருந்து ஒரு முழம் எடுத்துப் பார்த்தேன். நல்ல முறுக்கோடு இருந்தது. அதாவது, தைக்கத் தைக்க நூல் முறுக்கவிழ்கிறது. எனக்குச் சுரீரென்றது. அரங்கின் ஒலிபெருக்கியில் லெய்டாவைக் கூப்பிட்டேன்.

“லெய்டாம்மா, உங்க நூலோட முறுக்கு எந்தப் பக்கம்?”

“வழக்கத்திற்கு எதிர்ப்பக்கம். நான் இடக்கைக்காரி அல்லவா? சாதாரண நூல் என் கையில் அவிழ்ந்துபோகும். ஆகவே நெடுங்காலம் முன்பே எனக்காக எதிர்ப்பக்கம் முறுக்கச் செய்தார்கள். அந்த வால்வுக்கு அந்த நூலே அங்கீகரிக்கப்பட்டது. நான் இடக்கைக்காரி என்பது தங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்... நாங்க அதை வலது கைக்கு மாத்திட்டோம்.”

ஊசியை மேஜையில் வைக்கும் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது.

“ஏன்?”

அரங்கில் ரெமிஜியஸ் இருந்தான், சார் இருந்தார், ஜமீலா இருந்தாள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான்தான் மென்று விழுங்கினேன். “இங்க நல்ல காரியத்தை அந்தக் கையால செய்யமாட்டோம்மா.”

“ஏன்?”

“அது அப்படித்தான்.”

“புரிகிறது” என்றார் லெய்டா. அவருக்குப் புரியவில்லை என்று கருவியின் மேடைத் தமிழிலேயே தெரிந்தது.

நூலை மாற்றிவிடலாம் என்று சார் ஓடினார். மாற்றலாம்தான். ஆனால் நூலை மாற்றினால் அது வேறு வால்வு, அதற்கு முதலிலிருந்து அனுமதி, இரண்டு மூன்று வருஷம். இருக்கிற அனுமதியில் போனால்தான் ரய்யானுக்கு அவசரத் தேவை என்று போட முடியும். ஆக, இந்த நூல், இந்த வால்வு, இடது கை. வேறு வழியில்லை.

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “என் வாயால கெட்டுது. எந்தக் கையா இருந்தா என்னம்மா, தைங்க” என்றார்.

ஜமீலா இடது கையில் உறையை மாட்டினாள். பாவம், அந்தக் கை பிறந்ததிலிருந்து சும்மாவே இருந்த கை. லெய்டா தள்ளினால் அது வேறெங்கோ போனது. ஒரு வாரம் முயற்சி செய்தாள், விரல்கள் மரத்துப்போய் இரவு ரய்யானைத் தூக்கக்கூட முடியவில்லை என்றாள். மற்ற பெண்களும் ஒவ்வொருவராக மாட்டிப் பார்த்தார்கள். உதவவில்லை. புரட்டாசியும் வந்துவிட்டது.

ஒரு மத்தியானம் சாப்பாட்டு அறையில் ஜமீலா தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள். நான் கதவருகே நின்று, “வாடி, ஆஸ்பத்திரிக்கு நானும் வரேன், ஸ்கூட்டரை நான் ஓட்டறேன்” என்றேன். அவள் நிமிர்ந்து பார்க்காமலேயே சாவியை வீசினாள். பிடித்தேன்.

அவள் தலையைத் தூக்கினாள். “மறுபடியும் எறியறேன், பிடி” என்றாள்.

“என்னடி விளையாட்டு இது?”

சாவியைப் பிடுங்கி மறுபடி வீசினாள். மறுபடி பிடித்தேன். என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

“ரெண்டு தடவையும் இடது கைல பிடிச்சே.”

“அதனால என்ன?”

“பாட்டில் மூடியை இடது கைல திருகறே. கொசுவை இடது கைல அடிக்கிறே. நான் தினம் பாத்துக்கிட்டுதானே இருக்கேன், என் புத்திக்கு எட்டலையே! நீ இடக்கைக்காரிடீ!”

“போடி. எழுதறது வலது கை, சாப்பிடறது வலது கை...”

சொல்லும்போதே ஏதோ உறுத்தியது. சிதம்பரத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“அம்மா, சின்ன வயசுல நான் எந்தக் கையால சாப்பிட்டேன்?”

பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.

“யார் சொன்னா உனக்கு?”

“யாரும் சொல்லலை. கேக்கறேன்.”

“அதெல்லாம்தான் சரி பண்ணியாச்சே. இப்ப என்னத்துக்கு அந்தப் பேச்சு?”

“எப்படிம்மா சரி பண்ணினே?”

“வேப்பெண்ணெய் தடவிப் பாத்தேன். அதையும் நக்கிட்டு அதே கையால சாப்பிட்டே. அப்புறம் துணியை வச்சு முதுகோட சேத்துக் கட்டிவிட்டேன். ஒரு வருஷம். நீ அழுவே, நானும் பக்கத்துல உக்காந்து அழுவேன். நாளைக்குப் போற இடத்துல நாலு பேருக்குப் பரிமாறணும், சபையில நின்னு ஆரத்தி எடுக்கணும்...”

“நான் போன இடம் ஒரகடம்மா.”

“கிண்டல் பண்ணாதடீ.”

எனக்குக் கோபம் வந்தது. அந்தத் துணி எனக்கு ஞாபகமே இல்லை, ஆனாலும் தோள்பட்டை வலித்தது மாதிரி இருந்தது. திட்டலாம் என்றுதான் வாயெடுத்தேன். எதிரே ஜமீலா இரண்டு கையையும் கோத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“அம்மா, அந்தக் கை இப்ப வேணும்.”

அம்மாவின் குரல் இறங்கிப்போயிற்று. “இன்னும் இருக்கா அது?”

இருந்தது. அன்று மாலையே உறையை மாட்டிக்கொண்டேன். ஊசியில் நூல் கோக்கத் தெரியாத எஞ்சினியர் நான். மானம் போகப்போகிறது என்று பயந்துகொண்டுதான் உட்கார்ந்தேன். லெய்டாவின் முதல் தள்ளல் தொடங்கியதுமே, அது முடிவதற்குள் என் விரல்கள் அங்கே போய் நின்றன. எனக்கே சிலிர்த்துவிட்டது.

“இது புதிய கை” என்றார் லெய்டா. “முன்பு வந்த கைகள் பாடம் கேட்டன. இது என்னுடன் சண்டையிடுகிறது. மிக்க மகிழ்ச்சி.”

பத்து நாளும் சண்டைதான். ஜமீலா பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பாள், சவ்வை அளந்து வெட்டுவாள், தப்பாகப் போட்டால் தலையில் குட்டுவாள். கை எனக்கு வந்தது, கண் அவளுடையது. ஒரு நாள் வரைபடத் தாள் மேஜையிலிருந்து விழுந்து என் காலில் பட்டது. வலது கையில் வால்வு வளையம் இருந்ததால், உறை போட்ட இடது கையாலேயே தாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

“அம்மணி, இது எந்தத் தையல்?” என்றார் லெய்டா.

“அது தையல் இல்லம்மா. காகிதத்துல கால் பட்டுடுச்சு.”

“காகிதத்திடம் மன்னிப்பு கேட்டீர்களா?”

“ஆமா.”

“சரி. தொடரலாம்.”

கையைக் கட்டவிழ்த்துவிட்டால் அது தையலோடு நிற்குமா? தறிகெட்டுத் திரிந்தது. காய்கறிக்காரம்மாவிடம் இடது கையால் பணத்தை நீட்டினேன். “காலங்காத்தால, போணி நேரத்துல, இதுக்குன்னே வந்தியா நீ?” என்று அந்தம்மா தெருவே கேட்கக் கத்தினார். கோயிலில் குருக்கள் விபூதியைப் போடாமல் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, சாருக்கே வடபழனிப் பிரசாதத்தை இடது கையில் நீட்டிவிட்டேன். அவர் ஒரு வினாடி திகைத்தார். பிறகு வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, “பொங்கல் நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

வால்வுகளைத் துடிப்பு இயந்திரத்தில் மாட்டினோம். இரண்டாம் நாள் ஜமீலா அந்த அறைக்கே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மூன்றாம் நாள், நான்காம் நாள். ஒரு முடிச்சும் அசையவில்லை. பரிசோதனை முழுவதும் முடிந்த அன்று ரெமிஜியஸ் தையல் அரங்கின் கதவைத் திறந்து, “நிக்குது! எல்லாம் நிக்குது!” என்று கத்தினான். சுத்த அறை, சத்தம் போடக்கூடாது என்பதெல்லாம் பறந்துபோயிற்று. ஜமீலா முகமூடியோடு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் ரய்யானுக்கு ஆபரேஷன். என் கை தைத்ததில் மிகச் சின்னது அவனுக்குப் போயிற்று. ஆறு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தோம். டாக்டர் வந்து “நல்லா வேலை செய்யுது” என்று மூன்றே வார்த்தை சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்கு இன்னமும் ஆத்திரம்தான்.

கையுறையைப் பெட்டியில் வைத்து சீல் போட்டுத் திருப்பி அனுப்பினோம். போகும்போது சுங்கத்தில் ஒரு தொல்லையும் இல்லை. உள்ளே ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தோம், நம்பிவிட்டார்கள். ஒப்பந்தப்படி என் இடது கை இப்போது இரண்டு கம்பெனிக்கும் பொதுச் சொத்து. வெளிநாடு போவதென்றால் அதற்கு அனுமதி வாங்க வேண்டும். அதற்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கிறார்கள். எனக்குப் போடவில்லை.

இனிமேல் மற்றவர்களுக்கு நான் கற்றுத்தர வேண்டும். ‘இடக்கைக்காரப் பெண்கள் தேவை’ என்று விளம்பரம் கொடுத்தோம். மூன்று பேர் வந்தார்கள். ஜமீலாதான் அதை மாற்றி எழுதினாள்: ‘சின்ன வயதில் திருத்தப்பட்டவர்களும் வரலாம்.’ மறுநாள் கேட்டுக்கு வெளியே மதில் சுற்றி வரிசை நின்றது. வாட்ச்மேன் பயந்துபோய், ஏதோ போராட்டம் என்று சாருக்குப் போன் செய்தார்.

ரய்யான் வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம், ஜமீலா வீட்டில் பிரியாணி. சாப்பிட்டு முடித்த நேரத்தில் லெய்டா போனில் அழைத்தார். கேமராத் தடை பாடம் முடியும் வரைக்கும்தான், இப்போது முகம் பார்க்கலாம். வெள்ளைத் தலை, சிவந்த மூக்கு, குறும்புக் கண்கள். நான் நினைத்து வைத்திருந்ததைவிட ரொம்பக் குட்டையான அம்மாள்.

“ஒரு புகார் உள்ளது” என்றார் எடுத்த எடுப்பில், கருவியின் அதே மேடைத் தமிழில். “சென்ற வாரம் மின்கட்டண ரசீது என் காலில் பட்டது. என் இடது கை தானாகச் சென்று அதனைத் தொட்டு, என் கண்களில் வைத்தது.”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“இன்னும் உள்ளது. நேற்று படிக்கட்டில் என் கால் பக்கத்து வீட்டு யுர்கன் மீது பட்டுவிட்டது. ஒரு வேலித் தகராறின் காரணமாக நாங்கள் பேசிப் பல வருடங்கள் ஆகின்றன. என் கை அவர் தோளைத் தொட்டது, கண்ணில் ஒற்றிக்கொண்டது. நான் மன்னிப்பு கேட்டதாக அவர் எண்ணிவிட்டார். அழுதுவிட்டார். இன்று காலை காபி அருந்த வந்தார். நாளையும் வருவாராம்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “அம்மணி, இது பின்னோக்கிய பரிமாற்றம் ஆகாதா? வக்கீல்களுக்குத் தெரிவிக்க வேண்டுமா?”

“மூச்சு விடாதீங்க” என்றேன். “உங்களுக்கு அவர் வர்றது பிடிச்சிருக்கா?”

“காபி அதிகம் குடிக்கிறார்” என்றார் லெய்டா. முகம் சிவந்திருந்தது. பிறகு, “சிறுவன் எங்கே?” என்று கேட்டார்.

ஜமீலா போனை வாங்கி, பாயில் படுத்துக் காலை உதைத்துக்கொண்டிருந்த ரய்யானைக் காட்டினாள். உதட்டில் நல்ல சிவப்பு. லெய்டா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இத்தனை ஆண்டுகள் தைத்தேன். யாருக்குத் தைத்தேன் என்று ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. பெட்டியில் போகும், அவ்வளவுதான்.” மூக்கைத் துடைத்துக்கொண்டார். “அம்மணி, என் கையை அவன் நெஞ்சின் மீது வைப்பீர்களா?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. இடது கையை நீட்டினேன்.

ஜமீலாவின் மாமியார் பதறிப்போய் எழுந்தார். “ஏம்மா, பச்சப் புள்ள மேல பீச்சாங்கையையா வைக்கிறது? சோத்தாங்கையை வையேன்!”

“மாமி” என்றாள் ஜமீலா. “அவன் நெஞ்சைத் தச்சு வச்சிருக்கறதே அந்தக் கைதான்.”

மாமி கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தார். பிறகு தானே குனிந்து, தழும்பு வலிக்காமல் ரய்யானின் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டார். நான் கையை வைத்தேன். அவன் உதைப்பதை நிறுத்திவிட்டு என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டான். போனில் லெய்டா தன் இடது கையைத் தூக்கி, விரல்களை விரித்து, அசையாமல் வைத்திருந்தார்.

“என்ன தெரிகிறது?”

“துடிக்குதும்மா. சீரா துடிக்குது.”

“நாம் நன்றாகத்தான் தைத்திருக்கிறோம்” என்றார் லெய்டா.